ஈனுலையின் எரிபொருள் கட்டு: 217 பின்களுக்கு நடுவே 0.7 மில்லிமீட்டர்

இறுதியாண்டு_மெக் எழுதியது:

வணக்கம். மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்கான (வேகமான நியூட்ரான்களில் ஓடி, எரிக்கும்போதே புது எரிபொருளையும் விளைவிக்கும் உலை) எரிபொருள் சப்-அசெம்பிளி, அதாவது எரிபொருள் கட்டின், வடிவமைப்பை எங்கள் குழு புராஜெக்ட்டாக எடுத்திருக்கிறது. கல்பாக்கம் பி.எஃப்.பி.ஆர். (முன்மாதிரி அதிவேக ஈனுலை) பற்றி வெளிவந்த அளவுகளைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறோம். வெப்பத்திறன் 1250 மெகாவாட், மையத்தில் 181 எரிபொருள் கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் 217 பின்கள், அதாவது எரிபொருள் அடைத்த மெல்லிய எஃகுக் குழாய்கள். பின்னின் வெளி விட்டம் 6.6 மி.மீ., உள்ளே யுரேனியம்-புளூட்டோனியம் கலப்பு ஆக்சைடு, அதாவது மாக்ஸ். வெப்பத்தை எடுத்துச்செல்லும் திரவ சோடியம் 397 டிகிரியில் நுழைந்து 547 டிகிரியில் வெளியேறுகிறது.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பின் ஏன் இவ்வளவு மெல்லிசு? 220 மெகாவாட் கனநீர் உலையின் கட்டில் 19 பின்கள்தான், ஒவ்வொன்றும் சுமார் 15 மி.மீ. தடிமன். இங்கே பெருக்கிப் பார்த்தால் 39,277 பின்கள். இரண்டு முனையிலும் வெல்டிங், ஒவ்வொன்றுக்கும் சோதனை. இந்தச் செலவு எதற்கு?

அடுத்தது, ஈனுலை என்றாலே பிரீடிங் ரேஷியோதான் (எரிவதற்கு எத்தனை பங்கு புது எரிபொருள் விளைகிறது என்பது) முக்கியம் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் "திறன்மிக்க கட்டு" என்பது அந்த எண்ணை உயர்த்துகிற கட்டுதானே? பின்னைத் தடிமனாக்கினால் எரிபொருளின் பங்கு கூடும், பிரீடிங்கும் கூடும். பிரான்சின் சூப்பர்ஃபீனிக்ஸில் 8.5 மி.மீ. பின், கட்டுக்கு 271. அந்த வழியில் போகச் சொல்கிறார் எங்கள் வழிகாட்டி. போகலாமா?

வாயலூரான் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு விடை ஒரு சமன்பாட்டில் இருக்கிறது. பின்னுக்குள் அடுக்கும் எரிபொருள் வில்லையான பெல்லட்டின் நடுவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை வாட் என்பதை 4π-ஆலும் வெப்பக் கடத்துதிறனாலும் வகுத்தால் முடிந்தது. விட்டம் அதில் வரவே வராது. ஆக்சைடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாத பொருள். நடுவில் உருகக் கூடாது என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு வாட்தான் என்று ஓர் உச்சவரம்பு வந்துவிடும். பி.எஃப்.பி.ஆருக்கு அது 450 வாட். பின் தடியோ மெல்லிசோ, வரம்பு மாறாது.

இப்போது உள்ளே இருக்கும் சரக்கைப் பாருங்கள். 15 மி.மீ. பின்னில் அதே ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து மடங்கு எரிபொருள். வெளியே வரும் வெப்பம் அதேதான். கனநீர் உலையில் போடுவது இயற்கை யுரேனியம், அதனால் அங்கே அது பெரிய விஷயமில்லை. இங்கே போடுவது புளூட்டோனியம். மையத்துக்கு ஏறக்குறைய 2 டன் வேண்டும். கனநீர் உலையில் எரிந்து வெளிவந்த எரிபொருள் ஒரு டன்னைக் கரைத்துப் பிரித்தால் மூன்றரை கிலோ அளவில்தான் புளூட்டோனியம் தேறும். அந்த 2 டன்னுக்காக எத்தனை நூறு டன் மறுசுத்திகரிப்பு நடந்திருக்க வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். பின்னைத் தடிமனாக்கினால் அந்தக் கணக்கு அப்படியே பெருகும்.

பெல்லட்டின் நடுவில் 1.8 மி.மீ. துளை விட்டிருப்பதைக் கவனித்தீர்களா? உருகும் எல்லையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கவும், எரிபொருள் ஊதும்போது உள்பக்கமாக இடம் கிடைக்கவும்தான் அது.

அறுகோணம் ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒன்று, சுற்றி 6, அடுத்து 12, 18 என்று எட்டு வளையம் போட்டால் 217. ஒன்பதாவது வளையமும் போட்டால் 271. முக்கோண அடுக்கில்தான் இடைவெளி மிகக் குறைவு. நீர் உலையில் பின்களுக்கு நடுவே நியூட்ரானை மெதுவாக்கத் தண்ணீருக்கு இடம் விட வேண்டும். இங்கே நியூட்ரான் வேகம் குறையவே கூடாது, அதனால் எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குகிறோம்.

இறுதியாண்டு_மெக் எழுதியது:

நன்றி சார். விட்டம் அந்தச் சமன்பாட்டில் இல்லை என்பதை நாங்கள் இப்படி யோசித்ததே இல்லை. நெருக்கினால் சோடியம் எப்படிப் பாயும்? வேகம் அதிகமாகிவிடாதா?

வாயலூரான் எழுதியது:

வேகம் எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். 1250 மெகாவாட், 150 டிகிரி ஏற்றம், சோடியத்தின் வெப்ப ஏற்பு கிலோவுக்குச் சுமார் 1270 ஜூல். நொடிக்கு ஆறரை டன் சோடியம் வருகிறது. 181 கட்டுக்கும் பிரித்தால் கட்டுக்குச் சராசரியாக 36 கிலோ. அறுகோண உறையின் உள் பரப்பிலிருந்து பின்களையும் அவற்றைச் சுற்றிய கம்பிகளையும் கழித்தால் சுமார் 56 சதுர சென்டிமீட்டர் மிஞ்சும். சோடியத்தின் அடர்த்தியை 850 என்று வையுங்கள். நொடிக்கு ஏழரை மீட்டர் வேகம்.

தண்ணீராக இருந்தால் இவ்வளவு வெப்பத்துக்கு உயர் அழுத்தம் வேண்டியிருக்கும். சோடியம் கொதிப்பது 883 டிகிரியில். அதனால் தொட்டியில் அழுத்தம் ஏற்றத் தேவையில்லை.

உலோகன் எழுதியது:

உலோகவியல் ஆளாக நான் குறுக்கே வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் இந்தப் புராஜெக்ட்டின் உயிரே இருக்கிறது. ஈனுலையில் கட்டு வெளியே வருவது எரிபொருள் தீர்ந்துபோய் அல்ல. எஃகு தாக்குப்பிடிக்காமல்தான். திறன்மிக்க கட்டு என்று என்னைக் கேட்டால், அதிக நாள் எஃகு தாங்கும் கட்டு என்பேன். பிரீடிங் ரேஷியோ அதற்குப் பிறகுதான்.

1967-இல் காதார்ன், ஃபுல்டன் என்ற இருவர், ஸ்காட்லாந்தின் டூன்ரே உலையில் இருந்துவந்த துருப்பிடிக்கா எஃகை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே நுண்ணிய வெற்றிடக் குமிழிகள் இருப்பதை வெளியிட்டார்கள். அதிவேக நியூட்ரான் மோதி அணுக்களை இடம்பெயர்த்துக்கொண்டே இருக்கிறது. காலியான இடங்கள் ஒன்றுகூடிக் குமிழியாகின்றன. எஃகு ஊதுகிறது. உலக ஈனுலைத் திட்டங்கள் எல்லாமே அந்த நாளிலிருந்து உலோகவியல் திட்டங்களாகவும் ஆகிவிட்டன.

உங்கள் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். ராப்பர் எனப்படும் அறுகோண உறையின் வெளி அகலம் 131.3 மி.மீ., சுவர் 3.2 மி.மீ. ஆக உள் அகலம் 124.9. பின் 6.6, அதைச் சுற்றும் ஸ்பேசர் வயர் 1.65. எட்டு வளையக் கட்டைக் கரும்புக் கட்டு மாதிரி இறுக்கி அடுக்கினால் அதன் அகலம் சுமார் 124.2 வரும். மொத்தத்தில் மிஞ்சும் இடம் 0.7 மி.மீ.

எஃகு கன அளவில் 6 சதவீதம் ஊதினால் ஒவ்வொரு திசையிலும் 2 சதவீதம். 124-க்கு 2 சதவீதம் இரண்டரை மி.மீ. எங்கே இடம்? உறையும் சேர்ந்து ஊதும்தான். ஆனால் உறையின் வெப்பநிலை வேறு, பின்னின் வெப்பநிலை வேறு. இரண்டும் ஒரே அளவில் ஊதாது. பின்கள் உறையை முட்ட ஆரம்பித்தால் கம்பி பின்னை அழுத்தும், பின் முட்டை வடிவத்துக்குப் போகும், சோடியம் பாயும் சந்து சுருங்கும், அந்த இடத்தில் சூடு ஏறும். உறை வெளிப்பக்கமாகப் பெருத்தாலோ அடுத்த கட்டோடு ஒட்டிக்கொள்ளும். கட்டுகளின் மையத்துக்கு மையம் 135 மி.மீ., நடுவில் விட்டிருப்பது 3.7 மி.மீ. அதுவும் போய்விட்டால் கட்டைப் பிடுங்கவே முடியாது.

இதற்குத்தான் டி-9 எஃகு வந்தது. 15 சதவீதம் குரோமியம், 15 சதவீதம் நிக்கல், கொஞ்சம் டைட்டேனியம், 20 சதவீதம் குளிர்நிலை உருமாற்றம் (சூடாக்காமலே இழுத்து உறுதியாக்குவது). பி.எஃப்.பி.ஆரில் பின் குழாய்க்கும் உறைக்கும் இதுதான். ஒரு டன் எரிபொருளிலிருந்து எடுக்கும் வெப்பமான பர்ன்-அப், டன்னுக்கு 1 லட்சம் மெகாவாட்-நாள் என்பது இலக்கு. அந்த நேரத்துக்குள் எஃகில் உள்ள ஒவ்வோர் அணுவும் சராசரியாக 85 தடவை இடம்பெயர்ந்திருக்கும்.

அதற்கு மேலே போக ஃபெரிட்டிக் எஃகு இருக்கிறது, அது ஊதுவது மிகக் குறைவு. ஆனால் 650, 700 டிகிரியில் அதன் ஊர்வு வலிமை (சூட்டில் மெல்ல நீளாமல் தாங்கும் வலிமை) போதாது. பின் குழாய்க்கு ஆகாது, ஓரளவு குளிர்ந்த இடத்தில் இருக்கும் உறைக்கு ஆகும். அப்படிக் கலந்து போடுவதை உங்கள் புராஜெக்ட்டில் ஒரு மாற்று வடிவமாகக் காட்டுங்கள்.

கணக்கன் எழுதியது:

உலோகன் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் பிரீடிங்கை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவைக்க முடியாது. பி.எஃப்.பி.ஆருக்குச் சொல்லப்படும் பிரீடிங் ரேஷியோ 1.05. ஒரு மெகாவாட்-நாளுக்குப் பிளவுறுவது ஏறக்குறைய 1 கிராம். ஆண்டில் முக்கால்வாசி நேரம் ஓடினால் 1250 மெகாவாட்டுக்கு சுமார் 340 கிலோ. அதில் 5 சதவீதம்தான் மிச்சம், 20 கிலோகூட இல்லை. இன்னொரு உலைக்கு 2 டன் வேண்டும். மறுசுத்திகரிப்பில் போகும் இழப்பைச் சேர்க்காமலே நூறு ஆண்டு ஆகிறது.

1954-இல் ஹோமி பாபா முன்வைத்த மூன்று கட்டத் திட்டத்தில் இரண்டாம் கட்டம் ஈனுலை. மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கரையிலும் கிடக்கும் தோரியத்துக்குப் போகிற வழியே அது பெருகுவதில்தான் இருக்கிறது. பெருகாத ஈனுலையை வைத்துக்கொண்டு தோரியத்தைப் பயன்படுத்தும் மூன்றாம் கட்டத்துக்கு எப்போது போவது? மாக்ஸில் உள்ள ஆக்சிஜன் நியூட்ரானை மெதுவாக்குகிறது. யுரேனியம்-புளூட்டோனியம்-சிர்கோனியம் உலோக எரிபொருளுக்குப் போனால் ரேஷியோ கணிசமாகக் கூடும். மாணவர் அதை எடுக்கலாமே?

உலோகன் எழுதியது:

எடுக்கலாம், ஆனால் கட்டின் வடிவமே மாறும். உலோக எரிபொருள் ஊதுகிற ஊதலுக்கு பின்னுக்குள் கால்வாசி இடத்தைக் காலியாக விட வேண்டும். எரிபொருளுக்கும் குழாய்க்கும் நடுவில் சோடியம் ஊற்ற வேண்டும். முக்கியமாக, யுரேனியமும் புளூட்டோனியமும் இரும்போடு சேர்ந்தால் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகும் கலவை உண்டாகும். அதனால் குழாயின் வெப்பநிலையை இறக்க வேண்டும், சோடியம் வெளியேறும் வெப்பநிலையும் இறங்கும், டர்பைனின் திறனும் கொஞ்சம் இறங்கும். அமெரிக்காவின் இ.பி.ஆர்.-2 பல ஆண்டுகள் உலோக எரிபொருளில் ஓடியது. கல்பாக்கத்தின் சிறிய சோதனை ஈனுலையான எஃப்.பி.டி.ஆரிலும் உலோகப் பின்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். வழி இருக்கிறது. ஆனால் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் மாக்ஸையும் உலோகத்தையும் சேர்த்துச் செய்ய முடியாது.

எஃப்.பி.டி.ஆரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 1985 அக்டோபரில் அது இயங்கத் தொடங்கியபோது போட்டது 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு கொண்ட எரிபொருள். உலகில் யாரும் அதை முழு மையத்துக்கும் போட்டதில்லை. செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து கிடைக்காமல் போனதால் வந்த கட்டாயம் அது. டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் என்று எச்சரிக்கையாக ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டமாக பின்களை வெளியே எடுத்து, வெட்டி, அளந்து பார்த்து, 1,65,000 வரை கொண்டுபோனார்கள். இந்திய அணுத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். அறிவிப்பு, விழா எதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

நெய்தல் எழுதியது:

சதுரங்கப்பட்டினம் பக்கத்து ஆள் நான். பொறியாளர் இல்லை. இழையை முழுக்கப் படித்தேன், நன்றாக விளக்குகிறீர்கள். ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி என்று நீங்கள் ரசித்து எழுதுவதைப் படிக்கும்போது எங்களுக்கு வேறு மாதிரி இருக்கிறது. அந்த இடைவெளி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? சோடியம் காற்றில் எரியும், தண்ணீரில் வெடிக்கும். ஜப்பானின் மொஞ்சுவில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது, கடைசியில் 2016-இல் அந்த உலையையே மூட முடிவெடுத்தார்கள். இங்கே 2004-இல் வேலை தொடங்கிய பி.எஃப்.பி.ஆர். 2010-இல் முடியும் என்றார்கள். மையத்தில் கட்டுகளை இறக்கத் தொடங்கியது 2024 மார்ச்சில். அதே 2004 டிசம்பரில் சுனாமி வந்து அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நின்றதை எங்கள் ஊர் மறக்கவில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். நீங்களாவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

வாயலூரான் எழுதியது:

சரியான கேள்வி. நேராகவே சொல்கிறேன்.

அடைப்பு நடந்திருக்கிறது. 1966 அக்டோபர் 5, அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபெர்மி-1. தொட்டியின் அடியில் பொருத்திய சிர்கோனியத் தகடு ஒன்று கழன்று சில கட்டுகளின் வாயை மூடியது. இரண்டு கட்டுகள் பாதி உருகின. அதற்குப் பிறகு வந்த வடிவங்களில் கட்டின் அடிப்பாகத்துக்கு ஒரே வாய் வைப்பதில்லை. பக்கவாட்டில் பல துளைகள் வைத்தார்கள். எந்த ஒரு தகடும் எல்லாத் துளையையும் சேர்த்து மூட முடியாது. பி.எஃப்.பி.ஆரிலும் அப்படித்தான். கட்டுகளின் தலைக்கு மேல் வெப்பநிலை அளவிகள் இருக்கின்றன. பின் குழாய் ஓட்டையானால் சோடியத்தில் கலந்து வரும் பிளவுப் பொருள்கள் விடும் நியூட்ரான்களைப் பிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மீறி ஏழு கட்டுகள் உருகினாலும் தாங்கும்படி தொட்டிக்குள்ளே அடியில் தாங்கித் தட்டு இருக்கிறது.

கட்டு வளைவதும் நடந்திருக்கிறது. 1955-இல் இடாஹோவில் இ.பி.ஆர்.-1-இல் பின்கள் சூட்டில் உள்பக்கமாக வளைந்ததால் எரிபொருள் நெருங்கி, திறன் ஏறி, மையம் பாதி உருகியது. அதனால்தான் இன்றைய கட்டுகளின் உறையில் ஓர் உயரத்தில் புடைப்பு வைத்து, சூடானால் ஒன்றையொன்று தள்ளி வெளிப்பக்கமாக விரியும்படி செய்கிறோம். பிரான்சின் ஃபீனிக்ஸில் 1989, 1990-இல் நான்கு முறை திறன் திடீரென்று இறங்கி உலை தானாக நின்றது. மையம் ஒரு கணம் விரிந்திருக்கலாம் என்பது வலுவான ஊகம். முழுமையான விளக்கம் கிடைக்காமலேயே 2009-இல் அந்த உலை ஓய்ந்தது.

எஃப்.பி.டி.ஆரிலும் 1987 மே மாதம் எரிபொருள் மாற்றும்போது ஒரு கட்டு வளைந்து சிக்கியது. மீட்டு மறுபடி ஓட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின.

நெய்தல் எழுதியது:

இதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி ஐயா. இன்னொன்று கேட்கிறேன். சோடியம் கொதித்து ஆவியானால் இந்த உலையில் திறன் குறையாது, கூடும் என்று எம்.வி. ரமணா, அஷ்வின் குமார் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உலையைச் சுற்றிக் கட்டிய வெளிக் கூடம் அதைத் தாங்குமா என்றும் 2008-லேயே கேட்டார்கள். அதற்கு?

வாயலூரான் எழுதியது:

உண்மைதான், மையத்தின் நடுப்பகுதியில் சோடியம் இல்லாமல் போனால் நியூட்ரான்களின் வேகம் இன்னும் கூடி வினை ஏறும். ஓரத்தில் நியூட்ரான் கசிவு கூடுவதால் இறங்கும். 500 மெகாவாட் அளவு மையத்தில் மொத்தத்தில் ஏறுமுகம்தான். வடிவமைத்தவர்கள் சொல்லும் பதில், கொதிநிலைக்கு 300 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது, ஒன்றுக்கொன்று சார்பில்லாத இரண்டு நிறுத்து அமைப்புகள் இருக்கின்றன, எரிபொருள் சூடானால் வினை இறங்கும் விளைவும் இருக்கிறது என்பது. அந்தப் பதில் எனக்குப் போதுமானதாகப் படுகிறது. ரமணா கேட்டது நியாயமான கேள்வி, அந்த ஆய்வுகள் இன்னும் விரிவாகப் பொதுவெளிக்கு வர வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

கட்டின் வடிவத்திலேயே இதைக் குறைக்க வழி உண்டு. எரிபொருளுக்கு மேலே உள்ள வளத்தை (புளூட்டோனியம் விளைய வைக்கும் யுரேனியப் பகுதி) நீக்கி அந்த இடத்தில் சோடியத்தை நிறைத்தால், அது ஆவியாகும்போது நியூட்ரான்கள் மேல்பக்கமாகத் தப்பிவிடும். ரஷ்யாவின் பி.என்.-800 அந்த வழியில் போனது. கொஞ்சம் பிரீடிங் குறையும்.

கணக்கன் எழுதியது:

"கொஞ்சம்" என்பதுதான் சிக்கல். 1.05-இல் கொஞ்சம் குறைந்தால் மிச்சமே இருக்காது.

நெய்தல் எழுதியது:

மிச்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வார்கள்.

இறுதியாண்டு_மெக் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். 6.6 மி.மீ., 217 பின், மாக்ஸ், இதை மாற்றவில்லை. உறையை மட்டும் ஃபெரிட்டிக் எஃகாக மாற்றி, ஊதல் குறைந்தால் பர்ன்-அப் எவ்வளவு கூடும் என்று ஒரு கணக்கு. மேல் வளத்தை நீக்கினால் என்ன ஆகும் என்று இரண்டாவது கணக்கு. நெய்தல் அவர்களின் கேள்விக்காகவே இதைச் சேர்த்தோம்.

கடைசியாக ஒன்று. 181 கட்டுக்கும் ஒரே 36 கிலோ ஓட்டம் கொடுக்கலாமா?

வாயலூரான் எழுதியது:

கூடாது. நடுக்கட்டில் திறன் அதிகம், ஓரக்கட்டில் குறைவு. பி.எஃப்.பி.ஆரில் உள் மண்டலத்தில் 85 கட்டுகளுக்கு ஒரு புளூட்டோனியச் செறிவு, வெளியே 96 கட்டுகளுக்கு அதைவிடக் கூடுதல் செறிவு என்று பிரித்துத் திறனைச் சமன்படுத்துகிறார்கள். அப்படியும் வித்தியாசம் இருக்கும். ஒரே ஓட்டம் கொடுத்தால் ஓரக்கட்டிலிருந்து வருகிற சோடியம் குளிர்ந்து இருக்கும், நடுக்கட்டு அளவுக்கு மீறிச் சூடாகும். கட்டின் காலடியில் துளைத்தட்டு வைத்து மண்டலத்துக்கு மண்டலம் ஓட்டத்தை மாற்றுங்கள். இலக்கு, எல்லாக் கட்டிலும் பின் குழாயின் உச்ச வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாக வருவது.

சுற்றிலும் உள்ள வளக் கட்டுகளில் தனிக் கவனம் வேண்டும். புதிதாக வைக்கும்போது அவற்றில் இருப்பது யுரேனியம் மட்டும், சூடு மிகக் கொஞ்சம். நாளாக ஆக உள்ளே புளூட்டோனியம் விளைந்து திறன் ஏறிக்கொண்டே போகும். துளைத்தட்டை நடுவில் மாற்ற முடியாது. அதனால் கடைசி நாள் திறனுக்குத்தான் ஓட்டத்தைக் குறிக்க வேண்டும். விளைவு, முதல் நாளில் அந்தச் சோடியம் அளவுக்கு மேல் குளிர்ந்து வெளிவரும். பக்கத்து எரிபொருள் கட்டின் சூடான சோடியத்தோடு அது மாறிமாறிக் கலந்து மேலே உள்ள எஃகு அமைப்பில் மோதினால், அந்த எஃகு வெப்பச் சோர்வில் விரிசல் விடும். எரிபொருள் கட்டு, வளக் கட்டு இரண்டுக்கும் இடையே முதல் நாளிலும் கடைசி நாளிலும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை அட்டவணையாகப் போட்டு இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.